சென்னை – பெங்களூரு புல்லட் ரயில்: காட்பாடிக்காரனுக்கு இதில் என்ன இருக்கிறது?

பெரம்பூர்_லோகோ

2026-27 மத்திய பட்ஜெட்டில் ஏழு அதிவேக ரயில் தடங்களை அறிவித்தார்கள். அதில் இரண்டு சென்னையில் வந்து முடிகின்றன: ஹைதராபாத் – சென்னை, பெங்களூரு – சென்னை. அன்றிலிருந்து எந்த வாட்ஸ்அப் குழுவைத் திறந்தாலும் இதே பேச்சு. ஒரு பக்கம் "ஒன்றரை மணி நேரத்துக்குள் பெங்களூரு" என்று குதிக்கிறார்கள். இன்னொரு பக்கம் "ஜெனரல் பெட்டியில் கால் வைக்க இடமில்லை, புல்லட் ரயில் ஒரு கேடா" என்று திட்டுகிறார்கள். இரண்டு தரப்பும் தொடாத ஒரு விஷயத்தை இங்கே வைக்கிறேன்.

என் தம்பி காட்பாடியில் இருக்கிறான். தினமும் சென்னைக்கு வேலைக்கு வந்து போகிறவன். தேசிய அதிவேக ரயில் நிறுவனம் முன்பு காட்டிய 435 கி.மீ. சென்னை – மைசூரு வரைவில் நிறுத்தங்கள் இவைதான்: சென்னை, பூந்தமல்லி, அரக்கோணம், சித்தூர், பங்காருப்பேட்டை, பெங்களூரு, சென்னபட்டணா, மாண்டியா, மைசூரு. காட்பாடி இல்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை எதுவும் இல்லை. பாதை பாலாற்றுப் பக்கமே வராமல் சித்தூர் வழியாகப் போகிறது.

ஆனாலும் நான் இந்தத் திட்டம் வேண்டும் என்கிற கட்சி. தம்பிக்காகத்தான் வேண்டும் என்கிறேன்.

சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் வரை நாலு பாதை இருக்கிறது. அரக்கோணம் தாண்டினால் இரண்டே பாதை. அந்த இரண்டில்தான் வந்தே பாரத், சதாப்தி, பிருந்தாவன், கோவை வண்டிகள், கேரளா வண்டிகள், ராத்திரி மெயில்கள், குட்ஸ், நின்று நின்று போகிற பாசஞ்சர் எல்லாம் ஓடியாக வேண்டும். 130-ல் பறக்கிற வண்டிக்கு முன்னால் எல்லா ஸ்டேஷனிலும் நிற்கிற வண்டியை விட முடியாது. விட்டால் அதை எங்காவது ஓரங்கட்ட வேண்டும். முகுந்தராயபுரத்திலோ திருவலத்திலோ லூப் லைனில் போட்டுவிடுவார்கள். தடம் மாறுகிற பாயிண்ட் மேல் ஏறும்போதே வேகத்தை 30-க்குக் குறைக்க வேண்டும். நின்று, பின்னால் வருகிற வண்டி கடந்து, அது முன்னே போய் சிக்னல் விழுந்து, மறுபடி 30-ல் மெயின் லைனுக்கு வர வேண்டும். வேகமான வண்டி கடக்க ஒரு நிமிஷம் கூட ஆகாது. ஓரத்தில் நிற்கிறவனுக்குக் கால் மணி நேரம் போய்விடும். ஒவ்வொரு வந்தே பாரத் சேரும்போதும் இந்தக் காத்திருப்பு கூடுகிறது.

ஜப்பான்காரன் 1964 அக்டோபரில் டோக்கியோ – ஒசாகா ஷின்கான்சென் புல்லட் ரயிலை விட்டதற்கு அடிப்படைக் காரணமே இதுதான். பழைய தொக்கைடோ பாதை நிரம்பி வழிந்தது. வேகமான வண்டிகளைத் தனிப்பாதைக்கு மாற்றியதால் பழைய பாதையில் உள்ளூர் வண்டிக்கும் சரக்குக்கும் மூச்சு விட இடம் கிடைத்தது. நமக்கும் அதுதான் வேண்டும். காலியாகிற இடம் மெமு என்கிற குறுந்தூர மின்சார ரயிலுக்கும் பாசஞ்சருக்கும்தான் போகும் என்று திட்ட அறிக்கையிலேயே எழுதி வாங்க வேண்டும்.

சிறுசேரி_டு_ஒயிட்ஃபீல்டு

அண்ணா, பழைய பாதை பேச்சு சரி. ஆனா வேகத்தை இவ்ளோ சுலபமா தள்ளாதீங்க. நான் வேலை விஷயமா பெங்களூருக்குப் போய் வந்துட்டே இருக்கேன். ஃபிளைட் ஒரு மணி நேரம்னு பேரு. மீனம்பாக்கத்துல முன்கூட்டியே போய் நிக்கணும், தேவனஹள்ளியில இறங்கி ஊருக்குள்ள வரதுக்கே ஃபிளைட்ல போன நேரத்துக்கு மேல ஆகுது. வந்தே பாரத்ல 4 மணி 20, 25 நிமிஷம். நல்ல வண்டிதான், குறை சொல்லல. ஆனா கணக்குப் போட்டா சராசரி வேகம் 80-ஐ ஒட்டித்தான் வருது. காலையில போய் மீட்டிங் முடிச்சு ராத்திரி வீட்டுல சாப்பிடணும்னா இது போதாது.

இன்னொண்ணு. 2024 அக்டோபர்ல நம்ம பெரம்பூர் ஐசிஎஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலை, பெங்களூரு பெமல் கம்பெனிக்கு 280 கி.மீ. வேகத்துக்கான எட்டு பெட்டி வண்டி ரெண்டுக்கு ஆர்டர் குடுத்துச்சு. 866.87 கோடி. முதல் வந்தே பாரத்தைச் செஞ்ச ஊரு இது. அந்தத் தொழில் இங்கயே வளரணும்னா ஓட்டிப் பாக்க ஒரு தடம் வேணாமா? பெமல் அந்தப் பக்கம், ஐசிஎஃப் இந்தப் பக்கம். இதைவிடப் பொருத்தமான தடம் நாட்டுல இல்ல.

பரந்தூர்_பக்கம்

தடம் தடம்னு பேசறீங்களே, அது எங்க மேல போகும்னு யாராச்சும் ஒரு வரி எழுதினீங்களா?

எங்க ஊரு ஏகனாபுரத்துக்குப் பக்கம். பரந்தூர் ஏர்போர்ட் வரும்னு 2022-ல சொன்னதுலேர்ந்து அந்த ஜனங்க ராத்திரி ராத்திரி உக்காந்து போராடறாங்க. ஏரி, கால்வாய், முப்போகம் விளையற பூமி. அதுக்கு முன்னாடி சென்னை – சேலம் எட்டு வழிச்சாலை. 277 கி.மீ.க்குக் கல்லு நட்டாங்க. 2019-ல ஐகோர்ட் ரத்து பண்ணுச்சு, 2020 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் நிலம் எடுக்க வழி விட்டுருச்சு. அது நடுவுல சென்னை – பெங்களூரு விரைவுச்சாலை வேற. எல்லாமே ஸ்ரீபெரும்புதூர், காஞ்சிபுரம், ராணிப்பேட்டை பக்கம்தான் வந்து விழுது. ஒரே குடும்பம் எத்தனை தடவ நிலத்த குடுக்கும்?

சிறுசேரி_டு_ஒயிட்ஃபீல்டு

உங்க வலி புரியுது அண்ணா. ஆனா இது ரோடு மாதிரி இல்ல. மும்பை – அகமதாபாத் புல்லட் தடத்துல பெரும்பகுதி தூண் மேலதான் போகுது. அகலம் 17.5 மீட்டர் போதும்னு சொல்றாங்க. எட்டு வழிச்சாலைக்கு எடுத்ததுல இது கால்வாசி.

பரந்தூர்_பக்கம்

அகலத்த மட்டும் சொல்றீங்க தம்பி. 17 மீட்டரு என் கொல்லியில குறுக்கால போச்சுன்னா அந்தப் பக்கம் அரை ஏக்கரு, இந்தப் பக்கம் முக்கால் ஏக்கரு. கெணறு ஒரு பக்கம், மோட்டார் ஷெட்டு ஒரு பக்கம். தூணுக்குக் கீழ வாய்க்கால் திருப்பி விட்டுட்டு மழை வந்தா தண்ணி எங்க நிக்கும்னு இஞ்சினியருக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியும். பட்டாவ உட்பிரிவு பண்ணி, பத்திரத்துல வில்லங்கம் ஏறுன பிறகு மிச்ச நிலத்த வச்சு பேங்குல கடன் கேட்டுப் பாருங்க. வழிகாட்டி மதிப்பு ஒண்ணு, சந்தை விலை ஒண்ணு. சட்டத்துல நூறு சதவீதம் ஆறுதல் தொகை சேத்துத் தருவாங்கன்னு இருக்கு, இல்லன்னு சொல்லல. எந்த மதிப்போட நூறு சதவீதம்ங்கறதுதான் சண்டையே.

நெறியாளர்

கட்சிப் பெயர்களை இழுத்துப் போட்டு வந்த இரண்டு பதிவுகளை எடுத்துவிட்டேன். திட்டத்தைப் பற்றிப் பேசுங்கள்.

பழைய_பிடபிள்யூஐ

தம்பிகளுக்கு வணக்கம். நான் இருப்புப்பாதை பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அரக்கோணம் – ஜோலார்பேட்டை செக்‌ஷனில் நடந்தே தேய்ந்தவன் என்று சொல்லலாம்.

லோகோ தம்பி லூப் லைன் பற்றி எழுதியது அத்தனையும் உண்மை. நோயைச் சரியாகப் பிடித்திருக்கிறார். மருந்தில்தான் எனக்கு உடன்பாடு இல்லை.

அரக்கோணத்துக்கு அப்பால் மூன்றாவது, நான்காவது பாதை போடுங்கள். நிலம் பெரும்பாலும் இருக்கிற ரயில்வே எல்லையை ஒட்டியே கிடைக்கும். செலவு புல்லட் தடத்தோடு ஒப்பிட்டால் பல மடங்கு குறைவு. இதே அகலப்பாதை என்பதால் குட்ஸும் ஓடும், மெயிலும் ஓடும், ஒரு பாதையில் பழுது என்றால் இன்னொன்றில் மாற்றி விடலாம். புல்லட் தடம் 1435 மில்லிமீட்டர் ஸ்டாண்டர்டு கேஜ். நம்முடையது 1676. அதன் மேல் இங்குள்ள ஒரு வண்டியும் ஏற முடியாது. தமிழ்நாட்டில் மீட்டர் கேஜை அகலப்படுத்த எத்தனை தலைமுறை ஆனது என்று என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். கடற்கரை – தாம்பரமே 2004-ல்தான் முடிந்தது. திரும்பவும் இரண்டு அளவுப் பாதைகளுக்குப் போகிறோம்.

320 கி.மீ. வேகத்துக்கு ஏன் தனிப்பாதை என்று கேட்பவர்களுக்கு: வளைவு. மும்பை தடத்தில் வளைவின் ஆரம் 6 கி.மீ. அளவில் வைத்திருக்கிறார்கள். அவ்வளவு விரிந்த வளைவுக்கு ஏரியைத் தவிர்க்கவும் முடியாது, ஊரைச் சுற்றிப் போகவும் முடியாது. பரந்தூர் பக்கத்துக்காரர் பயப்படுவதற்குக் காரணம் இதுதான். சாலையை வளைக்கலாம், இதை வளைக்க முடியாது. வேகத்தை இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும், மின்சாரச் செலவும் அதற்கேற்ப ஏறும்.

2023 ஜூனில் பாலசோரில் சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விபத்தில் என்ன நடந்தது என்பதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2024 அக்டோபரில் நம் கவரப்பேட்டையிலேயே பாக்மதி எக்ஸ்பிரஸ் லூப் லைனில் நின்ற சரக்கு வண்டி மேல் போய் மோதியது. சிக்னலும் பாயிண்டும் ஒழுங்காக இருக்கப் பணம் ஒதுக்குங்கள் என்று முப்பது வருஷமாக நாங்கள் கேட்டோம். அது முதலில்.

நெல்லைச்சீமை

பெரியவர் சொன்னதுக்கு நூறு தடவ ஆமாம்.

எங்களைப் பத்தியும் யோசிங்க. சென்னையில பாதிப் பேரு தெக்கத்திக்காரங்க. பொங்கலுக்கு 60 நாளு முன்னாடி காலையில எட்டு மணிக்கு புக்கிங் தொறக்கான், பாண்டியனும் நெல்லையும் பொதிகையும் காபி ஆத்துறதுக்குள்ள வெயிட்டிங் லிஸ்ட். கிளாம்பாக்கத்துல போய் பஸ்ஸுக்கு நிக்கணும். வந்தே பாரத் விட்டாங்க, எழும்பூர் – திருநெல்வேலி எட்டு மணி நேரத்துக்குள்ள போயிருது, சந்தோசம். கன்னியாகுமரி வரைக்கும் ரெட்டைப்பாதையும் 2024-ல முடிஞ்சிருச்சு. இப்ப அந்தப் பாதையில வண்டியைக் கூட்டுங்க. பெங்களூருக்கு ஏற்கெனவே ரோடு இருக்கு, ஃபிளைட் இருக்கு, வண்டி இருக்கு. மறுபடியும் அங்கயேதான் கொட்டணுமா?

பெரம்பூர்_லோகோ

பிடபிள்யூஐ ஐயா, உங்கள் கை பட்ட பாதையில்தான் நாங்கள் போய் வந்தோம், மரியாதையோடு பதில் சொல்கிறேன்.

மூன்றாவது, நான்காவது பாதை வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் "நிலம் ரயில்வே எல்லையை ஒட்டிக் கிடைக்கும்" என்பது குடியாத்தம் வரை சரி. ஆம்பூருக்குள்ளும் வாணியம்பாடிக்குள்ளும் தண்டவாளத்தை ஒட்டி வீடும் தோல் பட்டறையும் எப்படி நெருக்கி இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அங்கே ஐந்நூறு மீட்டர் கிடைக்காமல் போனாலும் மொத்தப் பாதையும் பயனில்லாமல் கிடக்கும்.

நம் ஊர் பறக்கும் ரயிலையே பாருங்கள். வேளச்சேரி வரை 2007-ல் வந்துவிட்டது. அங்கிருந்து பரங்கிமலைக்கு ஐந்து கி.மீ. 2008-ல் வேலை தொடங்கியது. ஆதம்பாக்கத்தில் அரை கிலோமீட்டர் நிலத் தகராறில் தூண்கள் வானத்தைப் பார்த்து நின்றன, பதினைந்து வருஷம் தாண்டியும் வண்டி வரவில்லை. நெருக்கமான ஊருக்குள் அகலப்படுத்துவது மலிவு என்று காகிதத்தில்தான் தெரியும்.

"மெதுவான ரயில் மலிவு" என்பதையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். டெல்லி – மீரட் நமோ பாரத் ரயில் தனித்தடத்தில் 160-ல் ஓடுகிறது. 82 கி.மீ., 30,274 கோடி. கிலோமீட்டருக்கு 370 கோடியை ஒட்டி வருகிறது. மும்பை – அகமதாபாத் முதல் மதிப்பீடு 508 கி.மீ.க்கு 1,08,000 கோடி, அதாவது கிலோமீட்டருக்கு 210 கோடி சொச்சம். பின்னது பழைய மதிப்பீடு, ஏறும். முன்னதில் சுரங்கமும் நெருக்கமான ஸ்டேஷன்களும் அதிகம். அதையெல்லாம் கழித்தாலும், செலவைத் தீர்மானிப்பதில் வேகத்தைவிட நிலமும் தூணும் ஸ்டேஷனும்தான் பெரிய பங்கு.

பழைய_பிடபிள்யூஐ

கணக்கு சரி. ஆனால் தம்பி, அந்த 1,08,000 கோடியில் 81 சதவீதம் ஜப்பான் கடன். 0.1 சதவீத வட்டி, 50 வருஷத் தவணை, முதல் 15 வருஷம் அசல் கட்ட வேண்டாம். அப்படி ஒரு கடன் சென்னை தடத்துக்கு யார் தரப் போகிறார்கள்? நம் வட்டி விகிதத்தில் இதே பணத்தைத் திரட்டினால் டிக்கெட் விலை எங்கே போய் நிற்கும்? அத்தனை சலுகை இருந்தும் 2017 செப்டம்பரில் அடிக்கல் நட்டது இன்னும் ஒரு பயணியை ஏற்றவில்லை. மகாராஷ்டிரத்தில் நிலம் கிடைக்காமலே வருஷங்கள் போயின.

தைவானைப் பாருங்கள். 2007-ல் தைபே – காவ்சியுங் தடம். வண்டி அருமை, மேற்குக்கரை உள்நாட்டு விமானமே நின்றுபோனது. ஆனால் தனியார் முதலீட்டில் கட்டிய நிறுவனம் கடனில் முழுகி, 2015-ல் அரசே பெரும்பங்கை எடுத்துக் காப்பாற்ற வேண்டி வந்தது. ஸ்டேஷன்கள் பல ஊருக்கு வெளியே. தைனானில் இறங்கி ஊருக்குள் வர இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும்.

காட்பாடி_சீசன்

இந்த இழையை என் பெட்டியில இருந்த ஒருத்தர் அனுப்பினார். சீசன் டிக்கெட் ஆளு நான், அதனால எழுதறேன்.

லோகோ அண்ணே, உங்க நம்பிக்கைதான் எனக்குப் பயம். வேகமான வண்டி தனிப்பாதைக்குப் போனா பழைய பாதையில எங்களுக்கு வண்டி கூட்டுவாங்கன்னு யார் சொன்னா? கொரோனாவுக்கு அப்புறம் பாசஞ்சர் வண்டியெல்லாம் ஸ்பெஷல்னு பேர் மாத்தி, பத்து ரூபாய் டிக்கெட்டை முப்பது ஆக்கினாங்க. திரும்பக் குறைக்க 2024 ஆச்சு. நின்ன ஸ்டேஷன்ல நிக்காம போனது எத்தனை! இடம் காலியானா குட்ஸ் வண்டியைத்தான் விடுவாங்க, வருமானம் அதுலதான்.

ஜப்பானைச் சொன்னீங்க. அங்கேயே 1997-ல நாகானோவுக்கு ஷின்கான்சென் வந்தப்போ யோகோகாவா – கருய்சாவா பழைய பாதையை மூடிட்டாங்க. பல இடத்துல பழைய லைனை மாகாணத்துக்காரங்க தலையில கட்டிட்டாங்க, டிக்கெட் ஏறிப்போச்சு. தொக்கைடோ மட்டும்தான் ஜப்பான்னு நினைக்காதீங்க.

காலையில எங்க வண்டியில கதவுகிட்ட நிக்கற பொம்பளைங்களைப் பாத்திருக்கீங்களா? ஒரு கையில டிபன் பை, ஒரு கையில மேல் கம்பி. அரக்கோணத்துல ஏறுறவங்க உள்ள வர முடியாம ஒருத்தரை ஒருத்தர் தள்ளுவாங்க. ஒரு கர்ப்பிணிப் பொண்ணு திருவள்ளூர் வரைக்கும் பாத்ரூம் வாசல்ல உக்காந்து வந்துச்சு. எங்களுக்கு வேண்டியது இன்னும் நாலு பெட்டி, அதே நேரத்துக்குப் பின்னால இன்னொரு மெமு. அவ்வளவுதான். அதுக்கு எதுக்கு லட்சம் கோடி?

நெல்லைச்சீமை

சீசன்காரர் எழுதினதைப் படிச்சுட்டு வேற என்ன சொல்ல. 2025-26 தமிழ்நாடு பட்ஜெட்டுல சென்னை – காஞ்சிபுரம் – வேலூர் 140 கி.மீ.க்கு 160 வேகத்துல மித அதிவேக ரயில் சாத்தியம் பாப்போம்னு சொன்னாங்களே, அது என்னாச்சு? திண்டிவனம், விழுப்புரம் பக்கமும் ஒண்ணு உண்டு. வேலூர்க்காரங்களுக்கு அதுதானே நேரடிப் பயன்?

பெரம்பூர்_லோகோ

சீசன் சார், கருய்சாவா உதாரணம் கனமானது. அது மலைப்பாதை, ஆட்கள் குறைவு, அதனால் மூடினார்கள். அரக்கோணம் – ஜோலார்பேட்டையில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை, தொக்கைடோவோடுதான் இதைச் சேர்க்க வேண்டும் என்பது என் வாதம். ஆனால் "யார் சொன்னா?" என்கிற கேள்விக்கு யாரும் சொல்லவில்லை என்பதுதான் பதில். அதனால்தான் எழுதி வாங்க வேண்டும் என்று முதல் பதிவிலேயே கேட்டேன். திட்டத்துக்கு மாநில அரசு பங்கு கொடுக்க வேண்டிவரும், நிலம் எடுத்துத் தர வேண்டிவரும். அந்தக் கையெழுத்துக்கு முன்னால் கேட்டால்தான் கிடைக்கும். காலை ஆறிலிருந்து ஒன்பது வரை காட்பாடியிலிருந்து சென்ட்ரலுக்கு இத்தனை மெமு, மாலையில் இத்தனை, தடம் திறக்கிற அன்றே ஓடும் என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் எனக்கும் இந்தத் திட்டம் வேண்டாம்.

ஸ்டேஷன் விஷயத்தில் பிடபிள்யூஐ ஐயாவின் தைவான் எச்சரிக்கையை அப்படியே ஏற்கலாம். சென்னை ஸ்டேஷன் சென்ட்ரலை ஒட்டி இருக்க வேண்டும். புறநகர் ரயில், மெட்ரோ, பார்க் ஸ்டேஷன் எல்லாம் ஒரே இடத்தில் கூடுவது அங்கேதான். மெட்ரோ நாலாவது வழித்தடம் கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை வருகிறது என்பதால் மேற்குப் பக்கத்துக்காரர்களுக்கு பூந்தமல்லியும் உதவும். பூந்தமல்லியோடு நிறுத்திவிட்டு "மெட்ரோவில் போய்க்கொள்ளுங்கள்" என்றால், தேவனஹள்ளி கதைதான்.

சிறுசேரி_டு_ஒயிட்ஃபீல்டு

சென்ட்ரல்தான். அதுல எனக்கு ரெண்டு கருத்து இல்ல. சீசன் அக்காவோ அண்ணனோ தெரியல, நீங்க எழுதினது மனசுல நிக்குது. ஒப்பந்தத்துல மெமு எழுதணும்னு நானும் கையெழுத்து போடறேன்.

பரந்தூர்_பக்கம்

எல்லாரும் எழுதி வாங்கறத பத்தி பேசறீங்க. நாங்க எதை எழுதி வாங்கறது? எங்க நிலத்து வழியா வருதா இல்லையான்னே தெரியாது. கல்லு நட்ட அன்னிக்குத்தான் எங்களுக்கு சேதி வரும். அதுக்கு முன்னாடி வரைபடத்த கிராம சபையில வச்சு, எந்த சர்வே நம்பரு, எந்த ஏரி, எந்த வாய்க்கால்னு சொல்லணும். எதிர்க்கறோமா ஒத்துக்கறோமா அப்புறம் பேசலாம்.

பழைய_பிடபிள்யூஐ

அது நியாயமான கோரிக்கை. இந்தத் திட்டத்தை எதிர்க்கிற நானும், வேண்டும் என்கிற லோகோ தம்பியும் அதில் ஒரே பக்கம்.

காத்திருக்காதீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் மனு போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். "திட்டம் பற்றிய தகவல் தருக" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகவே பதில் வரும். உத்தேசப் பாதை வரைபடம், நில அளவைக்கு விட்ட டெண்டர் நகல், உங்கள் வருவாய் கிராமத்தின் பெயர் அதில் இருக்கிறதா என்று தனித்தனியாகக் கேளுங்கள். தேசிய அதிவேக ரயில் நிறுவனத்துக்கு ஒன்று, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒன்று. இரண்டு பதிலும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். மனுவை நானே எழுதித் தருகிறேன். கிராமத்தின் பெயரையும் சர்வே எண்களையும் தனிச்செய்தியில் அனுப்புங்கள், இங்கே பொதுவில் போட வேண்டாம்.

பரந்தூர்_பக்கம்

அனுப்பிட்டேன் ஐயா. பக்கத்து ரெண்டு ஊரு நம்பரும் சேத்து அனுப்பியிருக்கேன்.